சாரதியின் மறுப்பு

கடோபநிடதத்தில் ஒரு தேர் வருகிறது. உடல் தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. ஆன்மா அந்தத் தேருக்கு உடையவன். இதை விளக்க வந்தவர்கள் பெரும்பாலும் குதிரைகளை அடக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த உருவகத்தில் அதைவிட வியப்பாகப் படுவது வேறொன்று. தேருக்கு உடையவன் கடிவாளத்தைத் தொடுவதே இல்லை. அவன் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். எங்கே திரும்புவது, எங்கே நிறுத்துவது, எந்தப் பள்ளத்தைக் கண்டு ஒதுங்குவது என்றெல்லாம் முடிவு செய்கிறவன் அந்தத் தேரில் எந்த உரிமையும் இல்லாத ஒருவன். உடைமை ஓரிடத்தில் இருக்கிறது, முடிவு இன்னோரிடத்தில் இருக்கிறது. இந்த ஏற்பாடு நியாயமா, அப்படி முடிவெடுக்கும் சாரதிக்கு என்ன தகுதி வேண்டும் என்ற கேள்வியை மீனம்பாக்கத்திலிருந்து தனி விமானம் ஓட்டுகிறவர்கள் ஏட்டைப் புரட்டாமலே, வேலையின் ஊடே சந்திக்கிறார்கள். பற்றின்மையை நாம் துறவிகளுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம். பிறர் உயிரைக் கூலிக்குச் சுமந்து செல்கிறவருக்குத்தான் அது முதலில் வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

வாடகைக்குப் பறக்கும் தனி விமானத்தை ஓட்டும் சார்ட்டர் விமானியின் வேலையைப் பெரிய விமான நிறுவனத்து விமானியின் வேலையோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. அங்கே கால அட்டவணை உண்டு, பூட்டிய கதவு உண்டு, அதற்குப் பின்னால் முகம் தெரியாத நூற்றெண்பது பேர் உண்டு. இங்கே பயணிகள் ஆறு பேர், எட்டுப் பேர். விமானி அவர்களைப் படிக்கட்டருகே நின்று வரவேற்கிறார். சில நேரம் பெட்டியையும் தூக்கி வைக்கிறார். சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்கிறார். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டியவர் பன்னிரண்டு மணிக்கு வருவார், ஆனால் விமானியின் டியூட்டி நேரம் எப்போதோ ஓடத் தொடங்கியிருக்கும். போன ஊரில் நாள்கணக்கில் ஓட்டலில் காத்திருப்பதும், ஆளில்லாத விமானத்தை வெறுமனே ஓட்டித் திரும்புவதும் உண்டு. பறக்கும்போது முதலாளிக்கும் விமானிக்கும் நடுவில் சில அடி தூரம்தான். அவர் எட்டிப் பார்த்து, "கேப்டன், எத்தனை மணிக்கு இறங்கிடுவோம்?" என்று கேட்கலாம். அதில் மிரட்டல் எதுவும் இல்லை, அன்பாகக்கூடக் கேட்டிருப்பார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒரு கனம் உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு, விமானத்தைப் பற்றிய இறுதி அதிகாரம் விமானத் தலைவருக்கே என்று தெளிவாகச் சொல்கிறது. ஆக, தரையில் இவர் சம்பளக்காரர். மேலே போனதும் சம்பளம் கொடுக்கிறவரின் உயிருக்கும் விருப்பத்துக்கும் மேல் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டுமாக இருக்க வேண்டும்.

இந்த முடிச்சு எப்படி இறுகுகிறது என்பதைச் சென்னையின் ஒரு போகிப் பண்டிகை விடியலில் வைத்துப் பார்க்கலாம். மார்கழிப் பனியோடு வீட்டுக்கு வீடு எரியும் பழம்பாயும் டயரும் சேர்ந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் முழுக்கப் புகைமூட்டம் கவிந்துவிடும். 2018 ஜனவரி 13 அன்று இந்தப் புகையால் பல விமானங்கள் சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. கருவிகளின் துணையோடு இறங்கும் முறையில் அடிப்படை வகைக்கு விதி எளிது: ஓடுபாதையில் குறைந்தது 550 மீட்டர் பார்வைத் தூரம் இருக்க வேண்டும், தரையிலிருந்து 200 அடி உயரத்துக்கு வந்ததும் ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு சிறிய ஜெட் அப்போது வினாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். இன்னும் இருபது வினாடிக்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். அந்த உயரம் வந்துவிட்டது என்பதைச் சொல்ல "மினிமம்ஸ்" என்று ஒரு குரல் ஒலிக்கிறது. கேப்டன் இறங்குகிறேன் என்று சொல்ல வேண்டும், அல்லது "கோ அரவுண்ட்" என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையே யோசிக்க இடமில்லை. வெளியே சாம்பல் நிறம். அதற்குள் ஒரு விளக்கு தெரிந்தது போலவும் இருக்கிறது, தெரியாதது போலவும் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு ஒன்பது மணிக்கு ஒரு கல்யாணமோ கோர்ட்டு வழக்கோ இருக்கலாம். இறங்கவில்லை என்றால் விசையைக் கூட்டி, மூக்கை உயர்த்தி, சக்கரங்களை மடக்கிக்கொண்டு மேலே போய், எரிபொருள் கணக்குப் பார்த்து, பெங்களூருக்கோ திருச்சிக்கோ திரும்ப வேண்டும். அந்த நொடியில் விமானி என்ன பார்க்கிறார் என்பது, அவர் என்ன பார்க்க விரும்புகிறார் என்பதையும் பொறுத்துவிடுகிறது. ஆபத்து முழுக்க அந்த இடத்தில்தான் இருக்கிறது.

இது ஊகம் இல்லை. 2001 மார்ச் 29 அன்று அமெரிக்காவின் ஆஸ்பென் நகரில் இறங்க முயன்ற ஒரு சார்ட்டர் ஜெட் விழுந்து நொறுங்கி, அதிலிருந்த 18 பேரும் இறந்தார்கள். பயணிகள் தாமதமாக வந்ததால் விமானம் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்தே தாமதமாகக் கிளம்பியது. மலைகளுக்கு நடுவே உள்ள அந்த ஊரில் இருட்டிவிட்டால் அந்த விமானம் இறங்கக் கூடாது. ஓடுபாதை தெரியாமலே விமானிகள் குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே இறங்கியதைக் காரணமாகக் கண்ட விசாரணை வாரியம், இறங்கியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் தந்த அழுத்தத்தையும் துணைக் காரணங்களில் ஒன்றாக எழுதிவைத்தது. அந்தக் கடைசி நிமிடங்களில் ஒரு பயணி விமானி அறையிலேயே உட்கார்ந்திருந்தார். அப்படியானால் பணக்காரர்களின் பிடிவாதம்தான் பிரச்சினை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 2020 ஜனவரி 26 அன்று கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டும் அவர் மகளும் உட்பட ஒன்பது பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்தை விசாரித்தபோது, பயணியோ நிறுவனமோ விமானியை வற்புறுத்தியதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. விமானி தனக்குத் தானே ஏற்றிக்கொண்ட அழுத்தம் என்றும், போட்ட திட்டத்தை விடாமல் தொடரும் மனச்சாய்வு என்றும் அறிக்கை சொன்னது. வாடிக்கையாளரோடு நல்ல உறவு இருந்தது; அவரை ஏமாற்றக் கூடாது என்ற எண்ணம் மேகத்துக்குள்ளும் கைபிடித்து இழுத்துப் போயிற்று. வாடகை விமானத்துக்கு மட்டும் உரிய நோயும் அன்று இது. 1973 மே 31 அன்று மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பி டெல்லியின் பாலம் விமான நிலையம் அருகே விழுந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 65 பேரில் 48 பேர் இறந்தார்கள்; மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அவர்களில் ஒருவர். அங்கும் மோசமான வானிலையில், அனுமதித்த உயரத்துக்குக் கீழே விமானம் இறங்கியதுதான் காரணம். சேர வேண்டிய இடத்தில் மனம் முன்கூட்டியே சேர்ந்துவிட்டால், உடம்பை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறோம்.

கீதையின் பயன் கருதாச் செயலை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைச் சொன்னவர் ஒரு சாரதி என்பதை நாம் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பயனில் உரிமை கொண்டாடாதே என்ற போதனையைக் கூலி கேட்காமல் உழை என்று திரித்து, உழைப்பவரின் வாயை அடைக்கப் பயன்படுத்தியதுண்டு. அந்தக் கண்டனம் நியாயமானது. அந்தத் திரிப்பை நானும் ஏற்கவில்லை. விமானிக்குச் சம்பளம் வேண்டும், நல்ல சம்பளம் வேண்டும். இங்கே பயன் என்பது சம்பளம் அன்று, போய்ச் சேருதல். அந்தப் பயணம் இன்று, இந்த ஊரில், இந்த மணிக்கு முடிய வேண்டும் என்ற விருப்பத்தில் விமானியின் கண் கட்டப்படாமல் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பற்றின்மை ஒரு பார்வைத் தெளிவு. ஆசை உள்ளவர் பனிக்குள் விளக்கைக் காண்கிறார். ஆசையை ஒதுக்கி வைத்தவர் பனியைப் பனியாகவே காண்கிறார். எரிபொருள் முள், காற்றின் திசை, தன் உடம்பின் களைப்பு ஆகிய எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி காண்பதற்கு இது அடித்தளம். களைப்பைச் சொன்னது தற்செயலாக இல்லை. மனிதர் மிக எளிதாகத் தம்மிடமே பொய் சொல்வது தம் தூக்கத்தைப் பற்றித்தான்.

இதற்கு ஆன்மிகம் எதற்கு, விதிமுறை போதாதா என்று ஒருவர் கேட்கலாம். உயர வரம்பு எழுதியிருக்கிறது, டியூட்டி நேர வரம்பு எழுதியிருக்கிறது, கருவிகள் எச்சரிக்கின்றன, கடைப்பிடித்தால் போயிற்று. விதியின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆஸ்பெனிலும் விதி இருந்தது. விதி ஒருவருக்கு மறுக்கும் உரிமையைத் தரும். மறுக்கும் மனத்தைத் தராது. இன்னும் பார்த்தால், விதி தொடாத இடம் பெரிது. வரம்புக்குச் சற்று மேலே நிற்கும் வானிலையில் கிளம்புவதா, கருவி உதவி ஏதும் இல்லாத சிறு ஓடுதளத்துக்கு அந்தி நேரத்தில் போவதா, எரிபொருளைச் சிறிது கூடுதலாக ஏற்றுவதா என்பதெல்லாம் விமானியின் தீர்மானத்துக்கே விடப்பட்டவை. இன்னொரு மறுப்பும் உண்டு: விமானியின் உயிரும் அதே விமானத்தில்தானே இருக்கிறது, அவர் தானாகவே ஜாக்கிரதையாக இருப்பார். திருவல்லிக்கேணி பார்த்தசாரதியின் உற்சவர் முகத்தில் வடுக்கள் உண்டு. பீஷ்மரின் அம்புகள் பட்ட தழும்புகள் என்று பக்தர்கள் சொல்வார்கள். தேரில் இருப்பவனுக்கு வந்த அம்பு சாரதியையும் தைக்கும் என்பதை அந்தக் கோயில் மறக்கவிடவில்லை. ஆனால் அம்பு தன்னையும் தைக்கும் என்ற அறிவு மட்டுமே ஒருவரைக் காப்பாற்றும் என்றால், மேலே சொன்ன மூன்று விபத்துகளும் நடந்திருக்கக் கூடாது. உயிர்ப்பயத்தைவிட, ஒருவரை ஏமாற்றிவிடுவோமோ என்ற கூச்சம் பலமாக இருக்கும் நொடிகள் உண்டு.

பணியாளரின் தர்மம் கீழ்ப்படிதல் இல்லையா? இராமாயணத்தில் தசரதனின் சாரதியான சுமந்திரன் இந்தக் கேள்வியின் உருவம். வால்மீகியில் இராமன் காட்டுக்குப் புறப்படும்போது, தேரை நிறுத்து என்று தசரதன் பின்னாலிருந்து கதறுகிறான். தேரிலிருந்து இராமன் ஓட்டு என்கிறான். அரசன் பிறகு கேட்டால் காதில் விழவில்லை என்று சொல்லிவிடு என்றும் இராமனே சொல்லித் தருகிறான். சுமந்திரன் தேரை ஓட்டினான். அவன் நல்லவன், விசுவாசி. ஆனால் அவனிடம் இருந்தது இரண்டு எசமானர்களில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளும் வேலை மட்டுமே. வள்ளுவர் அமைச்சருக்கு வைக்கும் அளவுகோல் வேறு. அரசன் அறிவுரையைத் தள்ளினாலும், அவனுக்கே விளங்காவிட்டாலும், உறுதியானதை எடுத்துச் சொல்வது அருகில் இருப்பவரின் கடமை என்கிறார். இடித்துச் சொல்ல ஆளில்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். இந்த மரபில் விசுவாசம் எசமானரின் அந்த நேரத்து விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதாக இல்லை. அவருடைய நலத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. சார்ட்டர் விமானியை இந்த அமைச்சரின் வரிசையில் வைக்க வேண்டும். அவருக்கு அமைச்சரைவிட ஒரு படி கூடுதல் பொறுப்பும் உண்டு. அமைச்சர் சொல்லிவிட்டு ஒதுங்கலாம். கடிவாளம் அரசன் கையில். விமானி சொல்வதோடு நிற்க முடியாது, கடிவாளமே இவர் கையில் இருக்கிறது.

மிகக் கடுமையான மறுப்பு வடலூரிலிருந்து வருகிறது. உயிர் இரக்கமே வீட்டின் திறவுகோல் என்று சொன்ன வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றும் தருமசாலையில் எரிகிறது. பிறர் துன்பம் கண்டு உருகாத மனம் எந்த ஞானத்துக்கும் உதவாது என்ற அந்தப் பேச்சின் முன்னால், பற்றின்மை என்பது கல்நெஞ்சத்துக்கு வைத்த மரியாதைப் பெயராகத் தோன்றலாம். சென்னைக்கு மருத்துவத்துக்காக நோயாளிகளை ஏற்றிவரும் வாடகை விமானங்கள் உண்டு. தானமாகக் கிடைத்த இதயம் காத்திருக்க முடியாத நேரங்கள் உண்டு. அங்கே விமானி கல்யாண வீட்டுக்குப் போகும் செல்வந்தரை மறுப்பது போல மறுக்க முடியுமா? இதற்கு அமெரிக்காவின் பல ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் சேவைகள் நடைமுறையில் ஒரு விடை கண்டிருக்கின்றன. அழைப்பு வரும்போது நோயாளி யார், குழந்தையா, எந்த நிலையில் இருக்கிறார் என்பதை விமானியிடம் சொல்வதில்லை. எங்கிருந்து எங்கே என்பது மட்டும் சொல்லப்படும். வானிலை இடம் கொடுக்கிறதா இல்லையா என்று அவர் சொன்ன பிறகே மற்றவை. குழந்தை சாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் நல்ல மனிதர் போகத்தான் பார்ப்பார். அப்படிப் போய் ஏற்பட்ட விபத்துகளிலிருந்து கற்ற பாடம் இது. முதல் பார்வையில் இந்த வழக்கம் நெஞ்சைக் குத்துகிறது. இரக்கத்தைத் திட்டமிட்டு ஒருவரிடமிருந்து மறைக்கிறார்களே என்று. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்கும் இரக்கத்தைப் பாருங்கள்: கூடப் பறக்கும் செவிலியர், மருத்துவர், அந்தக் குழந்தை, விமானி, எல்லாருடைய உயிரும் அதில் கணக்கில் வருகிறது. வள்ளலாரின் அடுப்பும் இதை மறுக்கவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே வருகிறவரிடம் சாதி, சமயம் கேட்பதில்லை. பசி ஒன்றே போதும். ஆளைப் பார்த்து அளக்காத இரக்கம் அது. விமானியிடம் கேட்பதும் அதுதான். பின்னால் இருப்பவர் அமைச்சரோ, நடிகரோ, மூச்சுத் திணறும் பிள்ளையோ, பனிக்கு அது தெரியாது.

இந்தக் கணக்கில் பணம் கொடுக்காதவர்களும் உண்டு. 1910-இல் மவுண்ட் ரோடு ஓட்டல் முதலாளி ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் கட்டுவித்த விமானத்தைப் பல்லாவரத்தில்தான் ஓட்டிப் பார்த்தார். அந்தப் பல்லாவரம் இன்று இல்லை. விமான நிலையத்தின் மதிலை ஒட்டித் திரிசூலம், பம்மல், பொழிச்சலூர், கௌல் பஜார், அனகாபுத்தூர், கொளப்பாக்கம் என்று வீடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. மேலே போகும் ஜெட்டில் யார் இருக்கிறார், ஏன் அவசரப்படுகிறார் என்பது துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஒருத்திக்குத் தெரியாது. அந்தப் பயணத்துக்கு அவள் சம்மதம் கேட்கப்படவும் இல்லை. பணக்காரரின் விமானத்தில் என்ன அறம் வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவருக்கு இவர்களைத்தான் காட்டுவேன். தனி விமானம் தேவையா, அதன் புகைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது வேறு வழக்கு, நியாயமான வழக்கு. ஆனால் பறக்கும்வரை அதன் விமானி பம்மலுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

இவ்வளவையும் ஒரு தனி மனிதரின் மனவலிமையிடம் விட்டுவிட்டால் அது அநியாயம். தாம்பரம் விமானப் படைத் தளத்தில் 1954 முதல் இயங்கும் பறத்தல் பயிற்றுநர் பள்ளிக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே விமானிகள். பிறருக்குக் கற்றுத் தரக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் தவறும்போது எதுவரை பொறுப்பது, எப்போது "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று கையில் எடுப்பது என்பது எந்தப் பயிற்றுநருக்கும் உயிர்நாடி. தன்முனைப்பும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம் என்பதைத் திரும்பத் திரும்பப் பழக்கித்தான் கொண்டுவர முடிகிறது. ஆகவே பற்றின்மை பழக்கத்தால் வரும். அமைப்பு துணை நின்றால் நிலைக்கும். திரும்பி வந்த விமானிக்கு அடுத்த அழைப்பு வராமல் போகும் என்றால், வேறு ஊரில் இறக்கியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றால், கீதையை மனப்பாடம் செய்தவரும் தடுமாறுவார். ஒப்பந்தத்திலேயே திரும்பிப் போவதற்கும் முழுக் கூலி என்று எழுத வேண்டும். பயணத்தைப் பதிவு செய்யும்போதே இறங்க முடியாமல் போகலாம் என்று பயணியிடம் சொல்லிவிட வேண்டும். ஏறுகிறவருக்கும் ஒரு தர்மம் உண்டு: மறுப்பவரை அருகில் வைத்துக்கொள்வது. பெங்களூரில் இறங்கி, காரில் ஆறு மணி நேரம் திரும்பி வருகிறவர், இறங்கும்போது கேப்டனுக்கு நன்றி சொல்வாரானால், அடுத்த போகிக்கு அந்த விமானியின் கண் இன்னும் தெளிவாக இருக்கும்.

ஒரு கேள்வி மிஞ்சுகிறது, அதை மழுப்பக் கூடாது. மறுத்ததால் ஓர் உயிர் போனால்? நோயாளியை ஏற்றப் போன விமானம் வானிலை கண்டு திரும்பிவிட்டது. நோயாளி விடியும் முன் இறந்துவிட்டார். பிறகு பார்த்தால் மேகம் ஒரு மணி நேரத்தில் கலைந்தும் இருக்கிறது. சரியானதைச் செய்தோம் என்ற நினைப்பு அந்த விமானிக்கு ஆறுதல் தராது. தர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. பற்றின்மை துக்கத்தைத் தவிர்த்துத் தரும் என்று சொல்கிறவர்கள் அதைத் தவறாக விற்கிறார்கள். விளைவு தெரிந்தபின் முடிவை அளப்பது தெய்வத்துக்கு மட்டும் இயலும். மனிதருக்கு முடிவெடுத்த நேரத்தில் தெரிந்தது எதுவோ அதுவே அளவு. அந்த அளவில் அவர் மேல் பழி இல்லை. துக்கம் இருக்கும், இருக்கலாம். இறந்தவரின் வீட்டார் அவரைத் திட்டினால் கேட்டுக்கொள்ளவும் வேண்டியிருக்கும், அவர்கள் கோபமும் பொய்யில்லை. ஆனால் மறுநாள் வேறொரு நோயாளிக்காக அழைப்பு வரும்போது, நேற்றைய சாவை ஈடுகட்ட இன்று போக வேண்டும் என்று அவர் கிளம்பக் கூடாது. அதுவும் பற்றுதான். வானிலை அறிக்கையை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும்.